கணக்குக்கு வந்தவர்கள்

கீத் வான் ஹார்ன் கடைசியாக ஆடியது 2006-இல். ஓய்வு பெறுகிறேன் என்று முறைப்படி எழுதிக் கொடுக்காமல் வீட்டில் இருந்தார், அவ்வளவுதான். 2008 பிப்ரவரியில் அவருடைய பழைய அணியான டல்லஸ் மாவரிக்ஸ் அவரைக் கூப்பிட்டு 4.3 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. ஆடச் சொல்லி இல்லை. ஒப்பந்தம் போட்ட கையோடு நியூ ஜெர்சி நெட்ஸ் அணிக்கு அனுப்பிவிடுவதற்காக.

டல்லஸுக்கு வேண்டியிருந்தது ஜேசன் கிட். அவர் நியூ ஜெர்சியில் இருந்தார். அமெரிக்க பாஸ்கெட்பால் லீகான என்பிஏவில் அணிகள் பணம் கொடுத்து ஆட்டக்காரரை வாங்கிவிட முடியாது. ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும், அதற்குப் பெயர் ட்ரேட். சம்பள வரம்பைத் தாண்டிவிட்ட அணி என்றால் இன்னொரு சிக்கல். உள்ளே வருகிறவரின் சம்பளத்துக்கு ஏறத்தாழ ஈடாக வெளியே அனுப்ப வேண்டும். அனுப்பும் சம்பளத்தில் 125 சதவீதம், அதற்கு மேல் ஒரு லட்சம் டாலர், அதுவரைதான் உள்ளே எடுக்கலாம் என்பது அன்றைய விதி. கிட்டின் சம்பளம் பெரியது. எவ்வளவு பேரைக் கட்டி அனுப்பினாலும் தராசு கொஞ்சம் தூக்கிக்கொண்டே நின்றது. அந்தத் தட்டில் போட்ட கடைசிப் படிக்கல் வான் ஹார்ன்.

உண்மையில் அந்தக் கல் வேறொருவராக இருந்திருக்க வேண்டும். முதலில் போட்ட பட்டியலில் டெவியன் ஜார்ஜ் என்ற மாற்று ஆட்டக்காரர் இருந்தார். ஒரு வருட ஒப்பந்தக்காரர். நடுவில் அணி மாறினால் அடுத்த பேரத்தில் அவருக்கு இருந்த ஒரு சலுகை போய்விடும். அப்படிப்பட்டவர்களுக்கு மட்டும் 'போக மாட்டேன்' என்று சொல்லும் உரிமையை விதி கொடுத்திருந்தது. அவர் சொன்னார். ஒரு நட்சத்திரத்தின் இடமாற்றம், பெஞ்சில் உட்காரும் ஒருவருடைய மறுப்பால் நின்றுபோனது. அடுத்த ஆட்டத்தில் சொந்த மைதானத்து ரசிகர்களே ஜார்ஜைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள்.

பிறகு வான் ஹார்னை வைத்து கணக்கு நேரானது. கிட் டல்லஸுக்கு வந்தார். 2011-இல் டல்லஸ் கோப்பையை வென்றது. வான் ஹார்ன் நியூ ஜெர்சிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

இவரைப் போன்றவர்களை அமெரிக்காவில் ஃபில்லர் என்கிறார்கள். எங்கள் நண்பர்கள் குழுவில் 'கணக்குக்கு வந்தவர்' என்போம்.

*

அந்த 2011 இறுதிப் போட்டியின்போது நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு முடித்திருந்தேன். ஜூன் மாதக் காலைகளில் ஹாஸ்டல் டிவி முன்னால் ஐந்து பேர். மயாமியில் மூன்று பெரிய நட்சத்திரங்கள், இந்தப் பக்கம் நொவிட்ஸ்கி என்ற ஜெர்மன்காரர், கூடவே 38 வயது கிட். நாங்கள் கிழவர்கள் பக்கம் நின்றோம். கிழவர்கள் ஜெயித்தார்கள். அன்றிலிருந்து நான் டல்லஸ் ஆள்.

இப்போது கனகம்மாசத்திரத்தில் இருக்கிறேன். சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில், திருவள்ளூர் தாண்டி, திருத்தணிக்கு முன்னால் வரும் ஊர். பஸ்ஸில் போகிறவர்கள் டீ குடிக்க இறங்கியிருக்கலாம். வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ். வண்டியைத் திருவாலங்காடு ஸ்டேஷனில் போட்டுவிட்டு லோக்கல் டிரெயின் பிடிப்பேன். இந்திய நேரப்படி என்பிஏ ஆட்டங்கள் காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து ஒன்பது, பத்து வரை போகும். அரக்கோணம் பக்கத்திலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போகிறவனுக்கென்றே போட்ட அட்டவணை மாதிரி இருக்கும்.

ஆட்டத்தை விட எங்களுக்குப் பிடித்தது ட்ரேட் யோசனைதான். ஹாஸ்டல் டிவி முன் இருந்த அதே ஐந்து பேர். ஒருவன் ஆவடியில், ஒருவன் டொராண்டோவில், மற்ற இருவர் பெங்களூரில். டிசம்பர் பாதியில் ஆரம்பிக்கும். பிப்ரவரி முதல் வாரத்தில் கெடு முடியும்வரை வாட்ஸப்பில் வேறு பேச்சே கிடையாது. "இவன குடுத்துட்டு அவன எடுத்தா?" என்று ஒருவன் போடுவான். "அவங்க ஏன்டா குடுக்கணும்?" என்று இன்னொருவன் கேட்பான். இந்த இரண்டாவது கேள்விதான் ஆட்டமே. உன் அணிக்கு என்ன வேண்டும் என்று சொல்ல ரசிகனாக இருந்தால் போதும். எதிர் அணிக்கு என்ன வேண்டும், அவர்கள் மேனேஜர் எதற்குப் பயப்படுவார், எந்த ஒப்பந்தம் அவர்கள் கழுத்தை நெரிக்கிறது என்று தெரிந்தால்தான் நல்ல யோசனை வரும். மற்ற 29 அணிகளின் வீட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

விதிகள் வேறு. ஸ்டெபியன் விதி என்று ஒன்று இருக்கிறது. 80-களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து அணியின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெபியன், வரப்போகும் வருடங்களின் முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளை ஒன்றுவிடாமல் விற்றுத் தீர்த்தார். அதனால், அடுத்தடுத்த இரண்டு வருட முதல் சுற்று வாய்ப்புகளைக் கைமாற்றக் கூடாது என்று லீக் விதி கொண்டுவந்தது. ஊதாரிப் பிள்ளை சொத்தை விற்காமல் தாத்தா எழுதிவைக்கும் உயில் மாதிரி. 2023 ஒப்பந்தத்துக்குப் பிறகு 'செகண்ட் ஏப்ரன்' என்று ஒரு கோடு வந்தது. அதைத் தாண்டிய அணி, இரண்டு பேர் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய ஆளை எடுக்கவே முடியாது.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு யோசிப்பது கஷ்டம் என்று பைத்தானில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். நூற்றிருபது வரி இருக்கும். இரண்டு நட்சத்திரங்களின் பெயரை நான் கொடுப்பேன். மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். இரண்டு அணிகளிலும் யார் யாரைச் சேர்த்தால் சம்பளம் பொருந்துகிறது என்று எல்லாக் கூட்டணிகளையும் போட்டுப் பார்த்து, பொருந்துகிறவற்றைப் பட்டியலாகத் தரும். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவர்களுக்கு இது நாப்ஸாக் கணக்கின் தங்கச்சி என்று புரியும். பையில் எவ்வளவு இடம், எதை எதைப் போட்டால் நிறையும்.

அந்தப் புரோகிராமில் நட்சத்திரங்களுக்குப் பெயர் உண்டு. மற்றவர்கள் வெறும் எண். 21.4, 9.8, 2.3. கடைசியில் திரையில் எழுதும்போதுதான் எண்ணுக்குப் பக்கத்தில் பெயர் வரும். பல பெயர்களை நான் அங்கேதான் முதல்முறை பார்த்திருக்கிறேன்.

*

2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே முக்கால் இருக்கும். எங்கள் ஊர் சலூனில் என் முறைக்காகக் காத்திருந்தேன். டொராண்டோக்காரன் போட்டான்: "லூகா போயாச்சு."

லூகா டான்சிச்சுக்கு அப்போது வயது 25. அதற்கு முந்தைய வருடம்தான் டல்லஸை இறுதிப் போட்டிவரை கூட்டிப்போனவர். அவரை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றால் யாரும் நம்பவில்லை. செய்தியை முதலில் போட்ட நிருபரின் கணக்கையே யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்தார்கள். இது உண்மைதான் என்று அவர் இன்னொருமுறை எழுத வேண்டியிருந்தது. தூங்கப் போகும் நேரத்தில் போன் வந்ததாகவும், இன்று ஏப்ரல் ஒன்றா என்று யோசித்ததாகவும் டான்சிச்சே பிறகு சொன்னார். ஐந்து பேர், பதினான்கு வருடம், ஆயிரக்கணக்கான யோசனைகள். இந்த ஒன்றை எங்களில் யாரும் விளையாட்டுக்குக்கூடப் போட்டதில்லை. "அவங்க ஏன்டா குடுக்கணும்?" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது.

டல்லஸ் ரசிகர்கள் மைதானத்துக்கு வெளியே சவப்பெட்டி கொண்டுவந்து வைத்தார்கள். பொது மேலாளர் நிகோ ஹாரிசனை நீக்கச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். அந்தக் கோஷம் ஆட்டத்துக்கு ஆட்டம் தொடர்ந்து, 2025 நவம்பரில் அவரை நீக்கினார்கள். உலகமே யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று மார்க் போட்டுக்கொண்டிருந்தது. லேக்கர்ஸுக்கு ஏ பிளஸ், டல்லஸுக்கு எஃப்.

முழுப் பட்டியலை நான் மாலையில்தான் பார்த்தேன். லேக்கர்ஸுக்கு டான்சிச்சோடு மாக்ஸி க்ளீபர், மார்கீஃப் மாரிஸ். டல்லஸுக்கு ஆந்தனி டேவிஸ், மாக்ஸ் கிறிஸ்டி, 2029-இன் முதல் சுற்று வாய்ப்பு ஒன்று. கணக்கு அப்படியும் இடித்ததால் யூட்டா ஜாஸ் என்று மூன்றாவது அணி ஒன்று நடுவில். யூட்டாவுக்கு இரண்டாம் சுற்று வாய்ப்புகள் இரண்டு, அவற்றோடு ஜேலன் ஹூட்-ஷிஃபினோ என்ற 21 வயதுப் பையன். 2023 டிராஃப்டில் லேக்கர்ஸ் 17-ஆவதாக எடுத்த பையன். யூட்டா அவரை உடனே விடுவித்துவிட்டது. அவர்களுக்கு வேண்டியது அந்த இரண்டு வாய்ப்புகள். வாங்கிய பொருளோடு வந்த காகிதப் பை அவர்.

உலகம் முழுக்க மார்க் போட்டார்கள். அவருக்கு எந்த அட்டவணையிலும் ஒரு வரிசை இல்லை.

*

என் கல்லூரி பாஸ்கெட்பால் கோச்சிடம் இந்த ட்ரேட் விஷயத்தை ஒருமுறை விளக்கிச் சொன்னேன். ஒரு வங்கி அணிக்கு ஆடி, அதே வங்கியில் மேனேஜராக ஓய்வு பெற்றவர். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப பிஎஃப் என்னாவும்பா?" என்றார்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் நம் ஊர் பாஸ்கெட்பால் முழுக்க அந்தக் கேள்வியில் அடக்கம். இங்கே ஆட்டக்காரர் என்றால் ஊழியர். ரயில்வே, சர்வீசஸ், இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, ஐசிஎஃப், ஓஎன்ஜிசி. இந்திய அணியின் கேப்டனாக இருந்து 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற சென்னைக்காரர் அனிதா பால்துரை, தெற்கு ரயில்வே ஊழியர். நன்றாக ஆடினால் வேலை கிடைக்கும். கால் போனாலும் வேலை இருக்கும். ஐசிஎஃப் தன் சென்டரைக் கொடுத்து வங்கியிடமிருந்து கார்டை எடுப்பது என்றால், ஒரு கிளார்க்கை ரயில் பெட்டித் தொழிற்சாலைக்கு மாற்றுவது மாதிரி. நடக்காது. சம்பளம் குறைவு, கூட்டம் இல்லை, டிவியில் காட்ட மாட்டார்கள். ஆனால் அந்த அமைப்பில் கணக்குக்கு வந்தவர் என்று யாரும் கிடையாது.

நமக்கு ட்ரேட் வந்தது கிரிக்கெட் வழியாக. 2009-இல் ஐபிஎல் மாற்றல் ஜன்னலைத் திறந்தபோது ஜாகீர் கான் மும்பைக்கும் உத்தப்பா பெங்களூருக்கும் இடம் மாறினார்கள். அதற்குப் பிறகு நம் ஊர் அஸ்வின், 2019 நவம்பரில் பஞ்சாபிலிருந்து டெல்லிக்குப் போனார். அந்தப் பக்கத்திலிருந்து வந்தது ஒன்றரைக் கோடி ரூபாயும் ஜெகதீஷ சுசித்தும். அஸ்வின் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

ஐபிஎல்லுக்கும் என்பிஏவுக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. ஐபிஎல்லில் ஆட்டக்காரர் சம்மதிக்காமல் மாற்ற முடியாது. என்பிஏவில் கேட்கவே வேண்டாம். எட்டு வருடம் லீகில் இருந்து, அதில் நான்கு வருடம் ஒரே அணியில் இருந்தவர்தான் 'என்னைக் கேட்காமல் மாற்றக் கூடாது' என்ற நிபந்தனையைப் பேசிப் பெற முடியும். லெப்ரான் ஜேம்ஸ், பிராட்லி பீல் மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கே அது கிடைத்திருக்கிறது.

இதை எதிர்த்துக் கேட்ட முதல் பெரிய குரல் பேஸ்பாலிலிருந்து வந்தது. செயின்ட் லூயிஸில் பன்னிரண்டு சீசன் ஆடிய கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின ஆட்டக்காரரை 1969 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். போக மறுத்தார். வாங்கி விற்க நான் பொருள் இல்லை என்ற அர்த்தத்தில் கமிஷனருக்குக் கடிதம் எழுதினார். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய் 1972-இல் 5-3 என்று தோற்றது. அவருடைய ஆட்ட வாழ்க்கையும் அதோடு போயிற்று. பாஸ்கெட்பாலில் ஆஸ்கர் ராபர்ட்சன் 1970-இல் போட்ட வழக்கு 1976-இல் சமரசத்தில் முடிந்தது. அதனால் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் தனக்குப் பிடித்த இடம் தேடிப் போகும் வழி திறந்தது. ஒப்பந்தம் நடக்கும்போது மாற்றுகிற உரிமை மட்டும் இன்றுவரை அணிகளிடமே இருக்கிறது.

2025 நவம்பர் 15 அன்று நம் வீடுகளிலேயே லூகா சம்பவம் நடந்தது. சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குப் போனார்கள். ஜடேஜாவின் தொகை 18 கோடியிலிருந்து 14 கோடியானது. அதே ராஜஸ்தானில் இருந்துகொண்டு, தானாகவே வேறு அணியோடு பேசினார் என்பதற்காக ஜடேஜாவை 2010 ஐபிஎல் முழுக்க ஆடவிடாமல் தடை செய்தார்கள். அவராக நகர நினைத்தால் குற்றம், அணிகள் நகர்த்தினால் வியூகம். சாம் கரனோ 2022 டிசம்பர் ஏலத்தில் 18.5 கோடிக்குப் போய், அதுவரை ஐபிஎல் கண்டதிலேயே விலை உயர்ந்த ஆட்டக்காரராக இருந்தவர். மூன்று வருடத்தில் 2.4 கோடி ரூபாய்க் கணக்குக்கு வந்தவர்.

என் அவ்வா தீவிர சிஎஸ்கே ஆள். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு, அப்பாவின் அம்மா அவ்வா. 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா சிக்ஸரும் ஃபோரும் அடித்தபோது நள்ளிரவு தாண்டியும் விழித்துக்கொண்டிருந்தவர். செய்தியைச் சொன்னதும் முதலில் கேட்டது, "வாண்ணி அடிகாரா?" அவனைக் கேட்டார்களா என்று.

"கேட்டாங்க அவ்வா. கையெழுத்து போட்டாதான் ஆகும்."

"அப்ப சரி," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, டிவியைப் பார்த்துக்கொண்டே, "எங்கள யாரும் கேக்கல," என்றார்.

*

அவ்வா சொன்னது 1960-ஐ.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரா தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டம் முழுதாக அந்தப் பக்கம் போனது. திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தமிழ் பேசுகிறவர்கள் பெரும்பான்மையாக இருந்த தாலுகா. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகமும், மங்கலங்கிழார் போன்ற உள்ளூர்த் தமிழாசிரியர்களும் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினார்கள். சிறை போனார்கள். கேட்டது திருப்பதிவரை. பிறகு எச்.வி. படாஸ்கர் நடுவராக வந்தார். கிராமத்தை ஓர் அலகாக வைத்து, எந்த மொழி பேசுகிறவர்கள் அதிகம், நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்து எல்லையைத் திருத்தினார். 1959-இல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தாலுகாவும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு. பதிலுக்கு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து சத்தியவேடு முதலான கிராமங்கள், சேலம் மாவட்டத்திலிருந்து சில கிராமங்கள், ஆந்திராவுக்கு.

சட்டத்தின் பின்னிணைப்பில் கிராமங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. நான் பார்த்தபோது எனக்கு உடனே தோன்றியது, இது ஒரு ட்ரேட் பட்டியல். இந்தப் பக்கம் இவை, அந்தப் பக்கம் அவை. திருத்தணி நட்சத்திரம், முருகன் மலை. மற்றவை கணக்குக்கு வந்தவை.

நியாயமான பட்டியல் என்றுதான் நினைக்கிறேன். பெரும்பான்மை என்ன பேசுகிறது என்று பார்த்தார்கள், அதைவிட நல்ல அளவுகோல் வேறென்ன இருக்கிறது? தமிழ் பேசிய பெரும்பான்மையோருக்கு அது ஆறரை வருடம் காத்திருந்து கிடைத்த நீதி. ஆனால் பெரும்பான்மை என்றால் மிச்சம் என்றும் ஒன்று உண்டு. அந்த மிச்சத்தில் எங்கள் குடும்பம் இருந்தது. சத்தியவேட்டுப் பக்கம் அதேபோல் தமிழ்க் குடும்பங்கள் இருந்திருக்கும்.

அவ்வா பிறந்தது நகரிக்குப் பக்கத்தில். 1958-இல் இங்கே வாக்கப்பட்டு வந்தபோது இரண்டும் ஒரே மாவட்டம். இரண்டு வருடத்தில் அம்மா வீடு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது, அதாவது அது அங்கேயே இருந்தது, இவர்தான் நகராமலேயே நகர்ந்துவிட்டார். "ஏப்ரல் ஒன்னாந்தேதி வந்து சொன்னா யாரு நம்புவா? தமாஷுன்னு நெனச்சோம்," என்பார். பெரிய துயரம் என்று சொல்ல மாட்டார். பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆடிக் கிருத்திகைக்கு அந்தப் பக்கத்துச் சொந்தங்கள் எல்லாம் காவடியோடு திருத்தணி வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

"கேட்டிருந்தா என்ன சொல்லிருப்ப அவ்வா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"என்ன சொல்றது? பதினெட்டு வயசு. மாமியாரு என்ன சொன்னாங்களோ அதான்."

அடிபட்டது சின்ன தாத்தா. தாத்தாவின் தம்பி. எஸ்எஸ்எல்சியைத் தெலுங்கில் முடித்துவிட்டு, சித்தூர் கலெக்டர் ஆபீசில் கிளார்க் வேலை கிடைக்கும் என்று காத்திருந்தவர். ஒரு காலையில் சித்தூர் அவருடைய மாவட்டத் தலைநகராக இல்லாமல் போனது. புதிய தலைநகரில் கேட்பது தமிழ். தமிழ் பேசுவார், எழுத வராது.

*

சென்ற வருடம் ஆபீசில் எனக்கு மேலே இருப்பவர் கூப்பிட்டு, வேறொரு புராஜெக்டோடு ஒரு ஸ்வாப் யோசனை போட்டுக் கொடுக்கச் சொன்னார். அவர்களுக்கு டேட்டாபேஸ் தெரிந்த ஒருவர் வேண்டும். நமக்கு டெஸ்டிங் ஆட்டோமேஷன் தெரிந்தவர். எக்செல் ஒன்று வந்தது. பெயர், திறன், அனுபவம், பில்லிங் ரேட். இரண்டு பக்கத்துக் கூட்டுத்தொகையும் பொருந்த வேண்டும். இதைவிடப் பழகிய வேலை எனக்கு வேறு கிடையாது. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. நம் பக்கத்திலிருந்து பள்ளிப்பட்டுக்காரப் பெண் ஒருவர். அங்கிருந்து ஒருவர். ரேட் கொஞ்சம் இடித்ததால் நம் பக்கத்திலிருந்து கூடவே ஒரு ஃப்ரெஷர்.

அனுப்புவதற்கு முன் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மூணு புராஜெக்ட் மாறிட்டேண்ணா. யாரும் கேட்டதில்ல. மெயில் வரும், மாறிடுவேன்," என்றார். பிறகு யோசித்து, ஆறு மாதத்துக்கு நைட் ஷிஃப்ட் இல்லை என்றால் போகிறேன், அப்பாவுக்கு டயாலிசிஸ் ஓடுகிறது, வாரக் கடைசியில் ஊருக்குப் போயே ஆக வேண்டும் என்றார். எக்செல்லில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. கேட்டு வாங்கிக் கொடுக்க முடிந்தது.

எழுந்து போகும்போது, "கூட ஒருத்தர போட்டிருக்கீங்களே, அவர கேட்டாச்சாண்ணா?" என்றார்.

அடுத்து அவரைத்தான் கூப்பிடுவதாக இருந்தேன். கூப்பிட்டேன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆன பையன். நான் முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள், "ஓகே சார்," என்றான். நிஜமாகவே ஓகேவா என்றேன். "ஓகே சார்." லன்ச்சுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாலும் அதே குரலில்தான் சொல்லியிருப்பான். மாமியார் சொன்னதைச் சொல்லியிருப்பேன் என்ற அவ்வாவின் குரல் அது.

கேட்பது அவசியம். ஆனால் மறுக்க முடிகிறவரைக் கேட்பதுதான் கேட்பது. டெவியன் ஜார்ஜால் மறுக்க முடிந்தது ஏனென்றால் விதிப் புத்தகத்தில் அவருக்காக ஒரு வரி இருந்தது. அந்தப் பெண்ணால் நிபந்தனை போட முடிந்தது ஏனென்றால் டேட்டாபேஸ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பையனிடம் இரண்டும் இல்லை. ஆகவே அவன் ஓகேவை ஓகேவாக எடுத்துக்கொள்ளாமல், மூன்று மாதம் கழித்து அவன் விரும்பினால் திரும்பி வரலாம் என்று அந்தப் பக்கத்து லீடோடு பேசி மெயிலில் எழுதி வாங்கினேன். வரவில்லை. அங்கேயே பிடித்துப்போய்விட்டது என்றான். இந்தமுறை நம்பினேன், முகம் பார்த்துச் சொன்னான்.

கணக்குக்கு வந்தவர்களின் கதை எப்போதும் சோகமாகத்தான் முடியும் என்றில்லை. இஷ் ஸ்மித் என்று ஒருவர். என்பிஏ வரலாற்றிலேயே அதிக அணிகளுக்கு, 13 அணிகளுக்கு, ஆடியவர். 2022-இல் வாஷிங்டனிலிருந்து டென்வருக்கு நடந்த ட்ரேடில், முக்கியமான இன்னொருவரோடு சேர்த்துக் கட்டி அனுப்பப்பட்டவர். டென்வர் 2023-இல் கோப்பையை வென்றது. பதின்மூன்றாவது வீட்டில் அவருக்கு மோதிரம் கிடைத்தது. பட்டியல் போட்ட அன்று அதையும் யாரும் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள்.

சென்ற டிசம்பரில் எங்கள் குழுவில் ஒரு விதி போட்டுக்கொண்டோம். யோசனை போடுகிறவன், கணக்குக்கு வருகிறவர் அந்த ஊரில் போய் என்ன செய்வார் என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் யோசனை செல்லாது. ஆவடிக்காரன் முதலில் கேலி செய்தான். இப்போது அவன் எழுதுகிற வரிகள்தான் நீளம். மற்றபடி விளையாட்டு குறையவில்லை, இன்னும் கொஞ்சம் கஷ்டமாகியிருக்கிறது. கஷ்டமான விளையாட்டுதானே நல்ல விளையாட்டு.

சின்ன தாத்தா இருபது வயதில் தமிழ் எழுதக் கற்றுக்கொண்டார். கிளார்க் வேலை கிடைக்கவில்லை. திருத்தணி தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தார். ஆறேழு வருடத்துப் பத்திரங்கள் தெலுங்கில் இருந்தன, உள்ளே இருந்தவர்களுக்குத் தமிழில் வேண்டும். இரண்டும் தெரிந்தவர் வாசலில் இருந்தார். நாற்பது வருடம் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அதில் வந்த பணத்தில்தான் என் அப்பா படித்தார். அப்பா படித்தது தமிழில். நான் படித்ததும் தமிழில். 1960-இல் அந்தப் பட்டியல் வேறு மாதிரி எழுதப்பட்டிருந்தால், நான் இதைத் தெலுங்கில் எழுதியிருப்பேன், அல்லது எழுதுகிறவனாகவே ஆகியிருக்க மாட்டேன். தமிழ் எனக்கு ஒரு ட்ரேடில் வந்தது. இப்போது யாராவது கேட்டு, திருப்பிக் கொடுக்கிறாயா என்றால், முடியாது என்பேன்.

அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு நோட்டு இருக்கிறது. பக்கத்தின் நடுவில் கோடு. இடது பக்கம் தெலுங்கு, வலது பக்கம் தமிழ். ஆரம்பப் பக்கங்களில் தமிழ் எழுத்துகள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது மாதிரி பெரிது பெரிதாக, கோட்டில் நிற்காமல். விண்ணப்பதாரர். சர்வே எண். மேற்படி கிராமம். முப்பது நாற்பது பக்கம் போனதும் எழுத்து சின்னதாகி, வேகமாகி, வலது பக்கம் மட்டும் நிறைந்திருக்கிறது. இடது பக்கத்தை எனக்கு வாசிக்கத் தெரியாது. வலது பக்கத்தை அவ்வாவுக்குத் தெரியாது. போன வாரம் இரண்டு பேரும் உட்கார்ந்து நான்கு பக்கம் முடித்தோம்.